சரிதாவின் அளவு

குழந்தை இறந்தே பிறந்தது. சரிதாவின் கணவன் பாலகுமார் அதை எஸ்டேட் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தான். சரிதாவுக்கு யாரும் அதன் முகத்தைக் காட்டவில்லை. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று மாமியார் தெய்வம்மா தடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்த பிறகு பால் சுரந்தது. குடிக்க ஆளில்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? மார்பு கல்லாக இறுகியது. தெய்வம்மா பழைய வேட்டியைக் கிழித்து வரிந்து கட்டினாள். மறுநாள் ஒரு பக்கம் சிவந்து வீங்கி, காய்ச்சல் கொதித்தது.

பார்க்க வந்த நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். மாத்திரை கொடுத்துவிட்டுப் பாலகுமாரிடம் சொன்னாள்: "இப்படி நெரிக்கக் கூடாது. அளவான பிரா வாங்கிக் குடுங்க. தாங்கிப் பிடிச்சாப் போதும்."

பழைய உள்பாடியின் ஹூக் மாட்டவே இல்லை. பாலகுமார் குன்னூர் பஸ் ஏறினான். அங்கே உள்ளாடைக் கடைக்குள் பெண்கள் நின்றதால் சாரலில் நனைந்தபடி வெளியே காத்திருந்து, கூட்டம் கலைந்ததும் உள்ளே போனான்.

"என்ன சைஸுங்க?" என்றாள் தபித்தாள் என்ற கடைக்காரி.

"முன்ன முப்பத்திரண்டுங்க. இப்பப் பத்தல."

"பால் குடுக்கிறாங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"பையனா, பொம்பளப் புள்ளையா?"

"பொம்பளப் புள்ளைங்க." அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "பெருசாவே குடுங்க" என்று முப்பத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அது முதுகில் மேலேறிக்கொண்டது. முன்புறம் தொங்கியது. வீங்கிய இடத்தில் துணி உரச, சரிதா பல்லைக் கடித்தபடி கழற்றி எறிந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவள் அப்படித்தான்.

அடுத்த நாள் மீண்டும் கடைக்குப் போனான்.

"உள்துணி திருப்பி எடுக்கிறதில்லைங்க."

"மாத்த வரலைங்க. அளவு எப்படிப் பாக்கறதுன்னு கேக்க வந்தேன்." குனிந்துகொண்டான். "கொழந்தை இல்லைங்க. செத்துப் பொறந்துச்சு. பால் கட்டிக் கெடக்கறா."

தபித்தாள் அளவு டேப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பெரிய நம்பர் எடுத்தா முதுகுப் பட்டைதாங்க லூசாகும். தாங்கறதே அந்தப் பட்டைதான். கப்பு தனி அளவு. மாருக்குக் கீழ சுத்தி ஒண்ணு, நெறஞ்ச எடத்துல ஒண்ணு பாருங்க. இழுத்துப் பிடிக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். சரிதா எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினாள். கீழ் அளவு முப்பத்துமூன்று. மேலே டேப் பட்டதும் பால் கசிந்து அவன் விரல்களை நனைத்தது. வெடுக்கென்று கையை எடுத்தான்.

"பாருங்க," என்றாள் அவள்.

மறுபடி சுற்றினான்.

"அது மொகம் எப்படிங்க இருந்துச்சு?"

அவன் எண்ணைப் பார்க்காமல் டேப்பையே பிடித்துக்கொண்டிருந்தான். "உன்னைய மாதிரிதான். அகல நெத்தி. முடி நெறைய."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"எனக்குக் காட்டியிருக்கலாம்ல."

அவன் எண்ணைப் பார்த்தான். டேப் நனைந்துபோயிருந்தது. முப்பத்தெட்டு.

அந்த அளவுகளைக் கேட்டுத் தபித்தாள் முப்பத்துநாலு, டி கப்பு கொடுத்தாள். கம்பி வைக்காதது, பட்டை அகலமானது. அது கச்சிதமாக உட்கார்ந்தது. சரிதா படியிறங்கி நடந்தாள், ஒருக்களித்துத் தூங்கினாள். சிவப்பு வடிந்தது, காய்ச்சல் விட்டது. பாலும் மெல்ல மெல்ல வற்றியது.

ஒரு காலையில் சொட்டுப் பால்கூடக் கசியாமல் நைட்டியின் முன்பக்கம் காய்ந்திருந்தது. சரிதா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கத்தினாள், ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படிக் கத்தவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். மறுபடி காய்ச்சலா என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

"இல்லைங்க," என்றான் பாலகுமார். "ஒடம்பு சரியாயிருச்சு."