ஏய் என்றால் யார்

டாக்டர் சோமசேகரன் விட்டெறிந்த கிட்னி ட்ரே என்கிற எவர்சில்வர் தட்டு சுவரில் மோதிக் கட்டிலுக்கடியில் போய் நின்றது. பௌர்ணமிக்கு மறுநாள் அது. கால் கொப்புளத்தோடு வந்து படுத்திருந்த கிரிவலக்காரர்கள்கூட முனகலை நிறுத்திவிட்டார்கள்.

"ஏய்! டிரிப்ஸை நிறுத்துன்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னார்தான். காலையில் வார்டு வாசலில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "ஏய், கிழவருக்கு டிரிப்ஸை நிறுத்து" என்றார். நர்ஸ் காமேஸ்வரியைச் சொல்கிறார் என்று இன்னொரு நர்ஸ் கவிநிலா நினைத்தாள். கவிநிலாவை என்று காமேஸ்வரி. யாரை என்று திருப்பிக் கேட்டால் அதற்குத் தனியாக ஒரு ஏச்சு விழும். இரண்டு பேரும் கேட்கவில்லை; டிரிப்ஸ் அளவு மீறி ஏறிக்கொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூர்க் கிழவர் சக்கரவர்த்திக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதைத் தலைமை நர்ஸ் அன்னம்தான் பார்த்து டிரிப்ஸை மூடினாள். கிழவர் தப்பினார். இப்போது ஏச்சு வாங்கிய கவிநிலா ஸ்டோர் ரூமில் அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி முதலாளி ராமதாஸ் போன மாதமே அன்னத்திடம் சொல்லியிருந்தார்: "டாக்டர் கைராசிக்காரரும்மா. அவரு போயிட்டா கதவைப் பூட்ட வேண்டியதுதான். நர்ஸுங்க கிடைப்பாங்க." கடைசி வார்த்தை யாருக்கு என்று அன்னத்துக்குப் புரியாமல் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. இருந்தும் கையைக் கழுவிக்கொண்டு போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.

"நிறுத்தாதது எங்க தப்புதாங்க சார். ஆனா ஏய்னா யாருங்க?"

"என்னது?"

"மத்தவளைத்தான் கூப்பிட்டீங்கன்னு ரெண்டு பொண்ணுங்களும் இருந்துட்டாங்க. கேக்க பயம். நாளைலருந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார். அவசரம்னா எப்படிக் கூப்பிட்டாலும் ஓடி வருவோம். மத்த நேரத்துல ஏய்னா திரும்ப மாட்டோங்க."

"அத்தனை பேரையும் நான் மனப்பாடம் பண்ணணுமா?"

"மூணு பேருங்க சார்."

அவர் பேனாவை மூடினார். "ராமதாஸ்கிட்ட பேசிக்கிறேன். நீ போ."

பேசியிருக்க வேண்டும். மறுநாள் ரவுண்ட்ஸுக்கு ராமதாஸும் வந்து, கைகட்டி வாசலோரம் நின்றார்.

"ஏய், இங்க வா" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். ராமதாஸ் தொண்டையைச் செருமினார்.

"என்னியா கூப்ட்டீங்க சார்?" என்றார் சக்கரவர்த்தி. "எழுந்திரிக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே திட்டுனீங்க?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். டாக்டரின் காதுமடல் சிவந்தது. சட்டைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். லேசாகக் குனிந்து, கவிநிலாவின் வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை எழுத்துக் கூட்டுகிறவர்போல் பார்த்தார். அவள் தெர்மாமீட்டரை உதறப்போன கையை அப்படியே நிறுத்தியிருந்தாள். திரும்பவில்லை. "கவி..." என்று அவர் உதடு பிரிந்தது.