நாலு மாத்திரை

விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் பொன்னுமணி திணறினாள்.

"மதினி, இந்த முழங்கையக் கொஞ்சம் பிடிங்க. உசுரோட இருக்கையிலயே எங்கண்ணன் யாருக்கும் வளையமாட்டாரு."

மகாராணி கணவனின் கையைப் பிடித்தாள். அவளுக்கு மூக்கு ஒழுகியது. கண்ணிலிருந்து நீர் நிற்கவில்லை. தோளெல்லாம் புல்லரித்து நின்றது.

"விடிஞ்சதுலருந்து இப்படித்தான் அழுறா, பாவம்" என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள்.

அது அழுகை இல்லை என்று மகாராணிக்குத் தெரியும். நேற்று மத்தியானம் அவள் போட்ட மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கொட்டாவி வரும், பிறகு மூக்கு, அப்புறம் கண். இனி வயிற்றைப் பிசையும்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவள் புருஷன் வெள்ளைத்துரைக்கு மருந்தடிக்கிற சோலி. முதுகில் பம்பைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கியதில் இடுப்பு விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாளைக்கு எழுதித் தந்த வலி மாத்திரையை, ஆறாம் நாள் சீட்டில்லாமல் ஒருவனிடம் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். ஏலக்காய் எடுக்கக் குனிந்து நொந்த தன் முதுகுக்கும் அதிலேயே ஒன்று பிய்த்துக்கொண்டாள்.

போன வருஷம் தேனியில் ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த மாத்திரை வலியை ஆற்றுவதில்லை. வலி மூளைக்குப் போகிற வாய்க்காலை அடைக்கிறது. உடம்பு அந்த அடைப்புக்குப் பழகிவிடும். அதனால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். நிறுத்தினால் அடைத்ததெல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். மூச்சு விடச் சொல்கிற இடத்தையும் அதுவேதான் அடைக்கிறது. அந்த இடம் மட்டும் அவ்வளவாகப் பழகாது.

நேற்று மாத்திரை போட்டுப் படுத்த வெள்ளைத்துரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு குறட்டைக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவளும் போட்டிருந்ததால் அந்த அமைதி சுகமாக இருந்தது.

பொன்னுமணி பொத்தானை மாட்டினாள். செத்தவருக்குப் பிடித்ததைச் சட்டைப்பையில் வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். வெள்ளைத்துரையின் தம்பி அருள்பாண்டி பீடிக்கட்டைச் செருகினான்.

"தீப்பெட்டியவும் வைய்யிடா" என்றாள் கருப்பம்மாள். "அங்கயும் ஓசி கேட்டு நிப்பான்."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"நீங்க என்ன வைக்கப் போறீங்க மதினி?"

மகாராணியின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. உள்ளே கடைசி அட்டை, நாலு மாத்திரை. விடியும்போதே முடிவு செய்திருந்தாள். அவரோடயே போகட்டும், இதோட முடியட்டும்.

வயிறு முறுக்கிப் பிடித்தது.

"இருக்கு பொன்னு. மூஞ்சி கழுவிட்டு வர்றேன்."

"வெரசா வாங்க. வாய்க்கரிசி போடணும்."

கொல்லைப்புறக் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தவள் சட்டைப்பையில் கையை விட்டு, பீடிக்கட்டுக்கு அடியில் எதையோ வைத்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அரிசி போட்டு முடிக்க அரை மணியானது. அதற்குள் அவள் தோளில் புல்லரிப்பு தணிந்தது. மூக்கு ஒழுகுவதும் நின்றது.

பொன்னுமணி அவள் கன்னத்தைத் துடைக்கப் போய் நிறுத்தினாள்.

"கண்ணீர்கூட வத்திப்போச்சே மதினி."

அருள்பாண்டி தலைமாட்டைத் தூக்கினான். பாடை ஒரு பக்கம் சரிய, பையிலிருந்து அட்டையின் ஓரம் வெயிலில் எட்டிப் பார்த்தது. குழி நாலும் அமுங்கிக் காலியாக இருந்தன.