ஐந்து வருஷம் ஓடும் வண்டி

ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, ரூபேந்திரன் வயரைச் செருகினான். அதன் மறுமுனை பக்கத்து இருக்கையில் திறந்திருந்த மடிக்கணினியில் இருந்தது.

"அண்ணே, சாவிய ஒரு திருப்பு மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ணிராதீங்க."

யுகேந்திரன் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. கணினித் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

உலு திராமில் கார் பட்டறைகள் வரிசையாக நிற்கும் தெருவில் அது கடைசிக் கடை. சனிக்கிழமை காலை பதினொன்றாகியிருந்தது. முக்கால் மணி நேரப் பயணத் தூரத்தில், கெலாங் பாத்தா வீட்டின் முன்னறையில், வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலில் அவர் மனைவி சந்திரமதி சாகக் கிடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்துப் போகும் நர்ஸ் வியாழக்கிழமை அவரை வாசலுக்குக் கூட்டிப்போய், இனி நாட்கணக்குத்தான் என்று சொல்லியிருந்தாள்.

இங்கே வந்தது அவர் விருப்பம் அல்ல. காலையில் சந்திரமதிக்கு உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"இன்னைக்கு சனிக்கிழமதானே?"

"ஆமா."

"ரூபேன் பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கான். நான்தான் போன வாரம் லோஷினிய விட்டு மெசேஜ் போடச் சொன்னேன்."

"இப்ப அதுவா முக்கியம்?"

"போயிட்டு வாங்க. அக்கா இருக்கா, லோஷினி இருக்கா." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "காலியா ஓட்டிட்டுப் போகாதீங்க. சும இல்லாம வண்டி திணறுறது அவனுக்குத் தெரியாது. பத்து மூட்ட மண்ணு ஏத்திட்டுப் போங்க," என்றாள்.

அதனால் பிக்கப்பின் பின்பக்கம் பத்து மூட்டை செடிமண் ஏறியிருந்தது.

வண்டி சந்திரமதியினுடையது. பதினொரு வருஷமாக வீட்டுக்குப் பின்னால் அவள் பூச்செடி நர்சரி நடத்தினாள். தொட்டியும் மண்ணும் உரமும் ஏற்றிக்கொண்டு கூலாய், செனாய், பொந்தியான் என்று அவளே ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வருவாள். யுகேந்திரன் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம் தாண்டி, அங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கப் போகிறவர். பிக்கப்பை அவர் ஓட்டியது தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் முதல்முறை கேட்டாள். மண் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் வண்டி திணறுகிறது, இரண்டாவது கியரை விட்டு நகர மாட்டேன் என்கிறது, ரூபேனிடம் கொடுத்து டியூன் பண்ணலாமா என்று. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியில் இருக்கும் கணக்குகளைத் திருத்தி எழுதினால் இழுவை கூடுமாம். யுகேந்திரன் ஒரு வாரம் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். பிறகு, "ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்? கம்பெனிக்காரன் தெரியாமலா வச்சிருக்கான்?" என்றார். அவள் விட்டுவிட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். அவர் மறுபடி படித்தார். கருப்பையில் கட்டி என்று தெரிந்த பிறகு கேட்டபோது, "நீ நல்லாயிட்டு வா, செய்யலாம்," என்றார்.

ரூபேந்திரன் மண் மூட்டைகளோடு வண்டியைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தான். இப்போது கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"உண்மையச் சொல்லிர்றேண்ணே. காலியா டவுன்ல சுத்துற வண்டின்னா வேணாம்னு சொல்லி அனுப்பிருவேன். சும்மா பேருக்குப் பண்றது அது. சும ஏத்துற வண்டிக்கு வித்தியாசம் நல்லாத் தெரியும். மேட்டுல கியர் குறைக்க வேண்டியதில்ல. ஆனா உங்க கிளட்ச் பழசு. இழுவ கூடுனா அது தாங்காது, ஒரு வருஷத்துல மாத்த வேண்டி வரும். இன்ஜெக்டரையும் சுத்தம் பண்ணணும். விக்கிற ஐடியா இருந்தா கைய வைக்காதீங்க. வச்சிருந்து ஓட்டப் போறீங்கன்னா செய்யலாம்."

யுகேந்திரன் தலையாட்டினார்.

"எத்தன வருஷம் ஓட்டப் போறீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டான். சந்திரமதிக்கு உடம்பு சரியில்லை என்பது அவனுக்குத் தெரியும். எவ்வளவு சரியில்லை என்பதை யுகேந்திரன் சொல்லியிருக்கவில்லை. வந்ததும் "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டதற்கு "இருக்கா" என்றுதான் சொன்னார்.

"ஒரு நிமிஷம்," என்று பட்டறைக்கு வெளியே வந்தார். வெயில் கண்ணைக் கூச வைத்தது. போனை எடுத்தது அவர் மகள் லோஷினி. பாலிடெக்னிக்கில் படிக்கிறவள், பத்து நாளாக வகுப்புக்குப் போகவில்லை.

"அம்மா முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்காங்க. காதுல வைக்கிறேன், பேசுங்கப்பா."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவர் ரூபேந்திரன் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், கிளட்ச், இன்ஜெக்டர், எல்லாம். கடைசியில், "எத்தன வருஷம் ஓட்டுவீங்கன்னு கேக்குறான்," என்றார்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சு வருஷம்னு சொல்லுங்க."

"யாரு ஓட்டுறது?"

வாயிலிருந்து வந்துவிட்டது. எதிர்ச்சாரியில் ஒரு கடையின் இரும்புக் கதவை யாரோ சத்தமாகத் தூக்கினார்கள்.

"நீங்கதான்," என்றாள் சந்திரமதி. "வேற யாரு?"

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு லோஷினியின் குரல் வந்தது. "அம்மா கண்ண மூடிட்டாங்கப்பா. அசதியா இருக்கு போல."

உள்ளே போய், "அஞ்சு வருஷம் ஓட்டுவோம். பண்ணிரு," என்றார்.

ரூபேந்திரன் பழைய கணக்குகளை ஒரு பிரதி எடுத்து வைத்தான். நாளைக்கே வேண்டாமென்று தோன்றினாலும் திருப்பிப் போட்டுவிடலாம் என்றான். பேட்டரி இறங்காமலிருக்க ஒரு சார்ஜரை மாட்டினான். "இப்ப எழுத ஆரம்பிக்கப் போறேன். பதினெட்டு நிமிஷம் ஆகும். நடுவுல சாவியத் தொடக்கூடாது, வயரப் புடுங்கக்கூடாது. நின்னுச்சுன்னா வண்டி எந்திரிக்காது, அப்புறம் பெரிய வேலையாயிரும். ஓகே லா?"

"ஓகே."

திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. முப்பத்தொரு சதவீதத்தில் இருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, வாங்க." லோஷினி அழவில்லை. அழாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "அம்மா மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. விட்டு விட்டு வருது. நர்சுக்குப் போன் பண்ணிட்டோம். நீங்க வாங்க."

ரூபேந்திரனுக்கு யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவன் பாக்கெட்டிலிருந்து தன் காரின் சாவியை எடுத்து நீட்டினான்.

"அண்ணே, வெளிய என் மைவி நிக்குது. எடுத்துட்டுப் போங்க. வேணும்னா நானே ஓட்டுறேன். இது அது பாட்டுக்கு முடியட்டும்."

யுகேந்திரன் சாவியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். முப்பத்து நான்கு.

"முடியட்டும்," என்றார்.

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குண்ணே."

"முடியட்டும்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. போகச் சொன்னவள் அவள். செய்து முடித்துக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றியது. அந்தச் சாவியை வாங்கிவிட்டால் வேறொன்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும் தோன்றியிருக்கலாம். அவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது, அறுபது, எழுபத்தெட்டு என்று எண்கள் மாறுவதைப் பார்த்தபடி நின்றார். ரூபேந்திரன் சாவியை நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு மெல்ல இறக்கிக்கொண்டான்.

எழுதி முடிந்ததும் வண்டியை எடுத்துக் கிளம்பி, நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் பெடலை மிதித்தார். பத்து மூட்டை மண்ணோடு வண்டி பாய்ந்தது. ஒரு லோரியைத் தாண்ட வலது பக்கம் ஒதுங்கி அழுத்தியபோது, இருக்கை முதுகில் வந்து முட்டியது. கியரைத் தொடவேண்டியிருக்கவில்லை. அந்தக் கணத்தில் யுகேந்திரனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் சொன்னது சரிதான், வீட்டுக்குப் போனதும் சொல்லவேண்டும் என்று நினைத்தார். அடுத்த கணமே தான் எதற்காகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. பிறகு ஸ்கூடாய் தாண்டும்வரை அவர் வேறு எதையும் நினைக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது உள்ளிருந்து பேச்சியம்மாளின் குரல் கேட்டது. சந்திரமதியின் அக்கா அவள். அழுகை தொடங்கும்போது வரும் குரல் அது.

சந்திரமதி சாயவைத்த கட்டிலில் தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தாள். லோஷினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் தம்பி, இப்பத்தான்," என்று பேச்சியம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வண்டிச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, கண்ணத் தொறந்தா. நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சிருச்சு அவளுக்கு. அப்புறம்தான் மூடினா."

யுகேந்திரன் மகளைப் பார்த்தார். லோஷினி நிமிரவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். சந்திரமதியின் நெற்றியில் கை வைத்தார். எவ்வளவு சூடு இருந்தால் உயிர் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பண்ணியாச்சு. நல்லா இழுக்குது," என்றார்.

மறுநாள் மதியம் தகனம். கூடாரம் போட்டவர்களும் நாற்காலி கொண்டுவந்தவர்களும் வந்துபோன பிறகு, தென்னை ஓலையும் பூவும் எடுத்துவர வண்டி தேவைப்பட்டது. உறவுக்காரப் பையன்கள் மண் மூட்டைகளை இறக்கி நர்சரி ஓரத்தில் அடுக்கினார்கள். எதற்கு இவ்வளவு மண் ஏற்றியிருக்கிறது என்று ஒருவன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை.

ரூபேந்திரன் கறுப்புச் சட்டையில் வந்திருந்தான். மாலையை வைத்துவிட்டு வாசல் கேட்டின் அருகே ஒதுங்கி நின்றான். சவ வண்டி வருவதற்குக் காத்திருந்தபோது யுகேந்திரன் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"வண்டி எப்படிண்ணே?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லா இருக்கு."

"நான் உங்கள என் கார்ல தூக்கிப் போட்டுட்டாவது வந்திருக்கணும். ராத்திரி பூரா அதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

யுகேந்திரன் அவன் முதுகில் ஒருமுறை கை வைத்து எடுத்தார்.

அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்த அன்று மாலை, வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. லோஷினி சமையலறையில் நின்று டீ குடித்த கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் கழுவியவற்றைத் துடைத்து அடுக்கினார். ஐந்தாறு கிளாஸ் ஆகியிருக்கும்.

"லோஷினி, அன்னைக்கு நான் வர்றப்ப, அம்மா..."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். தண்ணீர் கிளாஸில் அடித்துத் தெறித்தது. அவர் கடைசிக் கிளாஸ்வரை துடைத்து வைத்துவிட்டுக் கையைத் துண்டில் ஒற்றினார்.

"நாளைக்கு கூலாய்ல ஒரு டெலிவரி இருக்குப்பா," என்றாள் அவள், திரும்பாமல். "பாலர் பள்ளிக்கு. இருபது தொட்டி. அம்மா போன மாசமே ஒத்துக்கிட்டது. திறப்பு விழாவாம். நான் அவங்களுக்கு மெசேஜ் பண்ணி வேணாம்னு சொல்லவா?"

"வேணாம். நான் போறேன்."

காலையில் அவர் இருபது தொட்டி இட்லிப்பூச் செடிகளைத் தானே ஏற்றினார். எப்படி அடுக்கினால் சாயாமல் நிற்கும் என்று தெரியாமல் இரண்டு முறை இறக்கி மாற்றி அடுக்கினார்.

பாலர் பள்ளி ஒரு மலாய்க் கிராமத்துக்குள், கம்பத்துக்குள் இருந்தது. ஆசிரியை நோராய்னி வாசலுக்கே வந்தார். வண்டியை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தவர், இறங்கியவரைப் பார்த்ததும், "ககாக் மானா?" என்று மலாயில் கேட்டார். அக்கா எங்கே, இன்றைக்கு வரவில்லையா?

இறந்துவிட்டாள் என்பதற்கான மலாய்ச் சொல் யுகேந்திரனுக்குத் தெரியும். மூன்று நாளில், சாவைப் பதியப் போன போலீஸ் நிலையத்திலும் பதிவு அலுவலகத்திலும் எத்தனையோ முறை சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு நான் வந்திருக்கேன்," என்று மட்டும் மலாயில் சொன்னார்.

தொட்டிகளை வேலியோரமாக வரிசையாக இறக்கி வைத்தார். ஜன்னலில் பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தன. கிளம்பும்போது ஆசிரியை உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தைக் கொண்டுவந்து, வண்டி ஜன்னல் வழியாக இரண்டு கையாலும் நீட்டினார். தேங்காய்ப்பால் ஊற்றிய பலகாரம். சூடாக இருந்தது, மூடி சரியாகப் பொருந்தவில்லை. அக்காவுக்குப் பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிப் போவார், கவனமாகக் கொண்டுபோங்கள், சிந்திவிடும் என்றார்.

"தெரிமா காசே," என்று நன்றி சொல்லி யுகேந்திரன் வாங்கிக்கொண்டார்.

பாத்திரத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். அது சரியாக நிற்கவில்லை. எடுத்துத் தன் மடியில் வைத்து, இடது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டார். கம்பத்துச் சாலையில் அவருக்குப் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போயின. காலி வண்டியை அவர் முதல் கியரிலேயே, மெல்ல, மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்.