ஏப்ரல் பக்கத்துப் பெண்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் மேல் ஆணை.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கார் பட்டறை வைத்திருந்த ஆர்வில், மனைவி இறந்த 1948ஆம் வருடம் டயர் கம்பெனி கொடுத்த காலண்டரைச் சுவரில் மாட்டினார். ஏப்ரல் பக்கத்தில் ஒருத்தி காலுறை நழுவ, தொலைபேசியைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காலுறைய பாருய்யா, காதலன்கிட்ட கொஞ்சுறா," என்றான் பால் வண்டி ஓட்டும் லாயிட்.

"சிரிப்பு வாயோட சரிடா. கண்ணப் பாரு. அந்தப் பக்கம் எப்பவோ போனை வச்சுட்டாங்க. நாம பாக்குறோமேன்னு இவ இன்னும் காதுல வச்சிருக்கா," என்றார் ஆர்வில்.

"பொண்டாட்டி போனதுலருந்து உனக்குக் காலண்டர்கூட அழுவுதுய்யா!"

பக்கத்தைத் திருப்பினால் அவள் தனியாகிவிடுவாள் என்று ஆர்வில் மே மாதத்தையே தள்ளிப்போட்டார். அதனால் அந்தப் பட்டறைக் கூரையில் மட்டும் இரண்டு குளிர்காலம் பனி விழவில்லை. மூன்றாவது வருடம் ஒரு மதியம், அவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர் இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினார்.

அந்த டயர் கம்பெனி 1948இல் மற்ற எல்லோருக்கும் கொடுத்த காலண்டரில் பன்னிரண்டு மாதமும் மீன் படங்கள்தான்.