ஐந்தங்குலச் சுவர்

ஐசக் சார் காலையில் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கிய பிளாஸ்டிக் பிளக், மறுநாள் விடிந்ததும் ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான்கு பிளக்கும் அப்படித்தான். மூன்று நாளாக இதே கதை. சேலையூரில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். சுவர் பிளக்கைத் துப்பும் என்று எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

டிவி மாட்டுவதில் மர்மம் ஒன்றும் கிடையாது. துளை போட்டுப் பிளக்கை இறக்கி, அதற்குள் ஸ்க்ரூவை முடுக்கினால், பிளக் விரிந்து செங்கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஐசக் சார் ஒருபடி மேலே போய், பிளக்கைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசி, ஒரு நாள் காயட்டும் என்று விடுவார். அந்த ஒரு நாளுக்குள்தான் அது வெளியே வந்துவிடும்.

"ஏங்க, கம்பெனி ஆளையே கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி ஜெயசீலி. "சனிக்கிழமை நாலு மணிக்கு நம்ம பொண்ணு ஜெரூஷா டப்ளின்ல பட்டம் வாங்குறா. லைவ்ல காட்டுறோம்னு சபைல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இருபது பேரும் உங்க போன்லயா எட்டிப் பாப்பாங்க?"

அன்று வியாழன். ஐம்பத்தைந்து அங்குல டிவி பெட்டியோடு கட்டிலில் படுத்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தரையில்.

பக்கத்து ஃப்ளாட் கேசவனின் தொல்லை வேறு. கட்டடம் நிற்கும் நிலம் அவருடையது. பில்டரிடம் கொடுத்துவிட்டு மூன்று ஃப்ளாட் வாங்கிக்கொண்டவர். கார் நிறுத்தும் இடத்தில் ஆரம்பித்த சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று ஒன்றரை வருடமாகிறது. சொல்ல வேண்டியதை அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிக்கொள்வார்கள். 'சிலர் மாலை ஆறு மணிக்குச் சுவரைத் தட்டி நிம்மதியைக் கெடுக்கிறார்கள்' என்று ஐசக் சார் போட்டார். 'சிலர் காலை பத்து மணிக்கு' என்று கேசவன் போட்டார். மற்ற வீட்டுக்காரர்கள் இரண்டுக்கும் கும்பிடு போட்டார்கள்.

அன்று மாலை ஐசக் சார் வாக்கிங் போகவில்லை. நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்கு அந்தப் பக்கம் டொக் என்றது. இந்தப் பக்கம் பிளக், அமுக்கிய பற்பசை போல வெளியே வந்தது.

அதைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குத்தினார். அந்தப் பக்கத் தரையில் ஏதோ விழுந்தது. துளையில் கண்ணை வைத்தார். எதிரே இன்னொரு கண்.

"யாருய்யா அது?" என்றது சுவர்.

"ஐசக்."

"சாரா! நான் ஃபிட்டர திட்டிக்கினு கீறேன் சார். ஓட்டை போட்டு பிளக்க வெச்சிட்டு, டிவி மாட்டுற பிராக்கெட் நாளைக்கு எடுத்தாரேன்னு போனவன், இன்னும் வரல. நான் தட்டி வுட்டா மறுநாள் வெளிய நிக்குது."

"ஒம்பது இன்ச் சுவர்னு ப்ரோஷர்ல போட்டிருந்தாங்களே, கேசவன்!"

"இன்னா சார் நீங்க. ப்ரோஷர்ல நீச்சல் குளம்கூடத்தான் கீது."

ஐசக் சார் ஸ்க்ரூடிரைவரை விட்டு அளந்தார். பூச்சோடு சேர்த்து ஐந்து அங்குலம். அவர் பிளக்கின் நீளம் மூன்று அங்குலம், கேசவன் பிளக்கும் மூன்று அங்குலம். ஆறு அங்குலத்தை ஐந்துக்குள் அடைக்க முடியாது. எந்தப் பக்கம் தட்டினாலும் மறுபக்கம் ஒரு அங்குலம் நீட்டும். இரண்டு வீடும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே அமைப்பு. டிவி சுவிட்சுகள் முதுகோடு முதுகு. இருவரும் பொங்கல் ஆஃபரில் வாங்கிய டிவியும் பிராக்கெட்டும் ஒரே கம்பெனி. துளைகள் எப்படிச் சந்திக்காமல் போகும்?

"நீங்க ஒரு அடி தள்ளிக்குங்க சார்."

"ஏன், நீங்க தள்ளக் கூடாதா?"

"என் நெலம் சார் இது."

"பட்டா தரைக்குத்தான் கேசவன். ஓட்டைக்கு இல்ல."

இரண்டு கண்ணும் துளையை விட்டு விலகின.

"சனிக்கிழமை," என்று பின்னாலிருந்து ஜெயசீலி நினைவூட்டினாள்.

ஐசக் சார் மறுபடி குனிந்தார். "யாரும் தள்ள வேணாம். பிளக்கே வேணாம். நாளைக்குக் காலைல ஒரு ஸ்பேனரோட நிப்பீங்களா?"

"நிக்கிறேன். குரூப்ல மட்டும் போட்றாதீங்க."

வெள்ளிக்கிழமை, கேம்ப் ரோடு ஹார்டுவேர் கடையில் முழு நீளமும் மரை வெட்டிய கம்பியை ஏழேழு அங்குலமாக நான்கு துண்டு வாங்கிவந்தார். துளைக்கு ஒரு கம்பி. சுவரைத் தாண்டி இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம். அதில் இந்தப் பக்கம் ஐசக் சாரின் பிராக்கெட், அந்தப் பக்கம், ஃபிட்டரை நம்பாமல் கேசவனே கம்பெனிக்குப் போய் எடுத்துவந்த பிராக்கெட். இரு முனையிலும் அகலமான வாஷர், அதன்மேல் நட்டு. ஒரு பக்கம் முடுக்கும்போது மறுபக்கம் ஒருவர் நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்பி சும்மா சுற்றும். கேசவன் பிடித்தார், ஐசக் சார் முடுக்கினார். மதியத்துக்குள் இரண்டு டிவியும் சுவரில் அசையாமல் நின்றன.