ஏழாம் கட்டிலின் பச்சை விளக்கு

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள அந்தச் சிறிய நர்சிங் ஹோமில், ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. நோயாளியைத் தொடாமலே, கேமராவும் இல்லாமலே, அசைவு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும். அசைவு இருந்தால் பச்சை. வெகுநேரம் இல்லாவிட்டால் சிவப்பு எரிந்து மணியடிக்கும். ஆயா போய்ப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பெட்டி வந்த மாதமே இரண்டு ஆயாக்களில் ஒருவரை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவள் மெர்சி. மணியடித்த கட்டிலுக்கு ஓடுவதிலேயே அவள் பொழுது போனது.

ஏழாம் கட்டிலில் மட்டும் மணி அடித்ததே இல்லை. அதில் இருந்தவர் பெருமாள்சாமி, சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்த இடத்தில், பக்கவாதம் வந்து விழுந்தவர். மகன் வேல்ராஜ் வாடகை அறையைக் காலிசெய்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வான்.

"பெரியவரு சும்மாவே இல்லபா. மணிய அடிக்க வுட மாட்றாரு" என்பாள் மெர்சி.

அதைக் கேட்ட கையோடு அவன் ஊருக்குப் போன் போடுவான். "அப்பா நல்லா அசையுதாரும்மா. நீ ஆடுகள விட்டுட்டு வரவேண்டாம். நான் நடக்கவச்சே கூட்டியாறேன்."

ஒரு நாள் மத்தியானம் விரிப்பு மாற்றும்போதுதான் மெர்சி பார்த்தாள். பெரியவரின் இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. படுக்கைப் புண். சதா புரளுகிற உடம்பில் இது வராது.

நிமிர்ந்தாள். பெட்டியில் பச்சை எரிந்தது. குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பியில், வேல்ராஜ் துவைத்துப் போட்ட யூனிபார்ம் சட்டை மின்விசிறிக் காற்றில் கட்டிலின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அவனிடம் இரண்டு சட்டைகள். ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் இன்னொன்று அங்கேதான் காயும்.

சட்டையை எடுத்து மடித்துவைத்தாள். புண்ணைத் துடைத்து மருந்து போட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

சாயங்காலம் வேல்ராஜ் செருப்பைக் கழற்றும்போது ஏழாம் கட்டிலில் மணி அடித்தது.

"யக்கா, என்ன சிவப்பு எரியுது? அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"புதுசா ஒன்னும் ஆகல. அவரு அசையல, அவ்ளோதான்."

"காலைல வரைக்கும் அசைஞ்சாரே!"

"அது உன் சட்டபா. ஃபேன் காத்துல ஆடிகினு இருந்துது." மெர்சி மடித்துவைத்த சட்டையைக் காட்டினாள். "நான்தான் நேரத்துக்குத் திருப்பிப் போட்டிருக்கணும். லைட்டு பச்சையா கீதேன்னு வுட்டுட்டேன். புண்ணு வந்துட்ச்சு."

சண்டை போடுவான் என்று நினைத்தாள். அவன் குனிந்து அப்பாவின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு நாள்கூட அசையலியாக்கா?"

"தெரிலபா. இனிமேதான் பாக்கணும்."

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

இருவருமாகப் பிடித்துத் திருப்பினார்கள். மெலிந்த உடம்புதான், ஆனாலும் கனத்தது. முடிப்பதற்குள் அம்மாவின் போன் வந்துவிட்டது.

"இன்னைக்கும் அசைஞ்சாராய்யா?"

வேல்ராஜ் ஒரு கையால் அப்பாவின் முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்தான். வேறொரு கட்டிலில் மணியடிக்க, மெர்சி அங்கே ஓடினாள்.

"இல்லம்மா" என்றான். "ஆடுகள யார்ட்டயாவது விட்டுட்டுக் கெளம்பி வா. ஒத்தைல முடியல."