பெயர் உதிர்ந்த மந்திரச்சீட்டுகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். லாரி மோதி நான்கு மாதம் நினைவில்லாமல் கிடந்தேன். அந்த நான்கு மாதத்தில் என் அம்மாவுக்கு என்ன ஆனது என்பதுதான் கதை. நான் இல்லாத இடத்தைப் பற்றி எழுதுகிறேன். கையில் இருப்பது அம்மாவின் நோட்டு ஒன்று, அப்பாவின் புலம்பல் ஒன்று. மீதி என் கற்பனை.

அம்மாவை மல்சூன் என்று பெயர் சொல்லியே எழுதுவேன். அம்மா என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே அழுகாச்சிக் கதை ஆகிவிடுகிறது. என் பெயர் இன்ஹோ. கதையில் நான் பெரும்பாலும் தூங்குகிறேன்.

2

பனி மூடிய ஜிரி மலையில் ஒரு தாய் தன்னந்தனியாக...

(அடித்துவிட்டேன். காலண்டர் படம். அவள் ஏறியது ஆகஸ்டில். பனி ஏது? கொசுதான்.)

மல்சூனுக்குக் கடவுள்மேல் கோபம்...

(பொய். அவளுக்குக் கோபம் லாரி ஓட்டியவன்மேல்.)

"வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி யோசியுங்கள்" என்றார் டாக்டர். மல்சூன் யோசிக்கவில்லை. புத்தகம் வாங்கப் போனாள்.

(இது நிற்கும்.)

3

வாங்கியது இரண்டு புத்தகங்கள். ஒன்று, ஏதோ ஒரு துறவி எழுதிய மெல்லிய கையேடு: சும்மா உட்கார், எல்லாவற்றையும் விடு, விடுகிறவனையும் விடு. மற்றது தடிமனான மந்திரச்சீட்டுத் தொகுப்பு. சுகப்பிரசவத்துக்கு, திருட்டுப் போகாமலிருக்க, மயங்கிக் கிடப்பவர் எழ என்று நூற்றுக்கணக்கான சிவப்புக் கோலங்கள். எழுதுகிறவர் மனம் சிதறினால் சீட்டு வெறும் காகிதம் என்று அதன் முன்னுரையில் இருந்தது.

மல்சூனின் மனம் சுக்குநூறாகச் சிதறிக் கிடந்தது. அதனால் ஒரு கணக்குப் போட்டாள். காலையில் துறவி சொன்னபடி உட்கார்ந்து மனதை நிறுத்துவது. சாயங்காலம் அந்த மனதாலேயே சீட்டு எழுதுவது. குரு யாரும் இல்லை. குருவிடம் போனால் முதலில் மூன்று வருஷம் விறகு பொறுக்கச் சொல்வார்; பையனுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

சாமி சாமான் விற்கும் கடைக்காரி, சீட்டு எழுதும் சிவப்பு மைக்கான சாதிலிங்கக் கல்லின் பொடியைத் தராசில் நிறுத்தபடி கேட்டாள்.

"எத்தன நாளைக்குக்கா?"

"நூறு நாளைக்கு. பையன் அசையாம கெடக்கான்."

மல்சூனின் பையிலிருந்த கையேட்டைக் கடைக்காரி பார்த்துவிட்டாள். "இது எதுக்கு?"

"மனசு நிக்கணும்ல. காலைல உக்காரதுக்கு."

"நான் படிச்சவ இல்லக்கா. ஆனா கேக்கறதுன்னா கேளு, விடறதுன்னா விடு. ஒரே ஆளு ரெண்டையும் செஞ்சா தாங்காது."

"பெத்தவளுக்கு என்னடி தாங்காது?"

(இந்தக் கடைக்காரியை நான்தான் உண்டாக்கினேன். உண்மையில் கடையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். யாராவது ஒருத்தர் அவளை எச்சரித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.)

4

ஜிரி மலையில் ஒரு பாறைக் குகை. பச்சரிசி மாவும் உப்பும்தான் சாப்பாடு. விடியலில் ஓடைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வெயில் பாறையைத் தொடும்வரை உட்காருவாள். சாயங்காலம் நூற்றெட்டு முறை விழுந்து கும்பிட்டு, மஞ்சள் தாளில் ஒரு சீட்டு எழுதி, எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைப்பாள். குடிக்க வேண்டியவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்காக அவளே குடித்தாள்.

அன்றன்றைய வேண்டுதலை நோட்டில் எழுதி வைத்தாள். அவள் எழுதியபடியே தருகிறேன்.

நாள் 1: என் மகன் கிம் இன்ஹோ கண் திறக்க வேண்டும்.
நாள் 38: இன்ஹோ கண் திறக்க வேண்டும்.
நாள் 61: பிள்ளை கண் திறக்க வேண்டும்.
நாள் 74: படுத்திருப்பவர் கண் திறக்கட்டும்.
நாள் 83: கண் திறக்கட்டும்.
நாள் 84: இன்று பாரமில்லை.

அதற்குப் பிறகு நாள் எண் மட்டும்.

எண்பத்து நான்காம் நாள் காலை என்ன நடந்திருக்கும்? தினமும் கண்ணை மூடியதும் நெஞ்சில் ஒரு வலியைத் தேடுவாள், இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல. அன்றைக்கு அது இல்லை. பயந்துபோய், கட்டுப்போட்ட என் தலையை நினைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலைபோல வந்தது. அழ வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம் அந்த நினைப்பும்...

(இங்கே மூன்று முறை நிறுத்தினேன். எழுதித்தான் ஆக வேண்டும்: அவளுக்கு அது பிடித்திருந்தது.)

5

தொண்ணூற்றொன்றாம் நாள். அப்பா முடிதிருத்துகிறவர். ஆஸ்பத்திரியில் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது நான் கண் விழித்தேன். சட்டைக் கையில் சோப்பு நுரையோடே பஸ் பிடித்து மலையேறினார்.

"இன்ஹோ அம்மா! பையன் முழிச்சிட்டான்! தண்ணி கேட்டான்டி!"

மல்சூன் குகை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அப்படியா, நல்லது. வேர்த்துக் கொட்டுதே, இப்படி உக்காருங்க."

"காது கேக்குதா உனக்கு? நம்ம பையன்டி!"

"கேட்டுச்சு."

"கெளம்பு. உன்னத்தான் கேட்டான்."

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு. நூறு ஆகட்டும்."

"எதுக்கு இன்னும்? கேட்டது கெடச்சாச்சே!"

அவள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் அப்பா நிறுத்திவிடுவார். "அவ மொகத்துல ஒரு கெட்டதும் இல்லடா. அதான் எனக்குப் பயமாயிடுச்சு." தனியாகத்தான் இறங்கி வந்தார்.

6

இனி, முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சாதிலிங்கம். எரித்தால் பாதரசம் கக்கும். அது புத்தியைத் தொடும் என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். பழியை ஒரு கல்லின்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அம்மா இன்றும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள். கை நடுங்குவதில்லை.

இரண்டாவது, விலை. மலை என்னை எழுப்பிக் கொடுத்துவிட்டு அவளுடைய ஆசையை எடுத்துக்கொண்டது. இந்த முடிவில் இருபது பக்கம் எழுதினேன். படித்தால் என்மேல் எனக்கே பாசம் வந்தது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது, துறவிகள் ஆயுள் முழுக்கத் தேடுவது அவளுக்குக் கிடைத்துவிட்டது. நான்தான் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். இதுதான் உண்மையாக இருக்கும். எனக்கு இது அறவே பிடிக்கவில்லை.

நூறாம் நாள் இறங்கி வந்தாள். என்னைக் குளிப்பாட்டினாள், நடக்கப் பழக்கினாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த கட்டிலில் கிடந்த கிழவரையும் அதே கையால், அதே பக்குவத்தோடு குளிப்பாட்டினாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். எனக்கென்று தனியாக ஒரு துளி கிடையாது. அப்பா தாங்க முடியாமல் கடையிலேயே படுத்துக்கொள்கிறார்.

7

போன மாதம் இந்தக் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தைரியம் போதவில்லை, பெயரையும் ஊரையும் மாற்றி, கிழக்குக் கரையில் ஒரு மீனவர் வீடாக்கித்தான் படித்தேன். குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்குப் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். நான்காம் பகுதி முடிந்ததும் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

பூண்டு உரிப்பது நின்றது.

"அந்தப் பையன் எழுந்தானா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணில் பயம் இருந்தது.

"சொல்லேன்டா. எழுந்தானா, இல்லையா?"

பதினோரு வருஷமாக நான் ஏங்கிய குரல் அது. எவனோ ஒரு மீனவன் மகனுக்காக வந்தது. நான் நோட்டை மூடினேன்.

"இன்னும் எழுதலம்மா."

"சீக்கிரம் எழுது. பாவம், அந்தப் பொம்பள."

அன்றிலிருந்து தினமும் என் அறை வாசலில் வந்து நின்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன். இத்தனை வருஷமும் தினமும் காலையில் கண்மூடி உட்காருகிறவள் நேற்று உட்காரவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. "விட்டுடுடா, நிம்மதியா இருந்தவ" என்கிறார் அப்பா. நான் செய்வது பாவம் என்று எனக்கும் தெரிகிறது. எழுந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பழையபடி ஆகிவிடுவாள். "அப்படியா, நல்லது" என்பாள்.

ஐந்தாம் பகுதியை உங்களுக்கு மட்டும்தான் காட்டியிருக்கிறேன். அவளிடம் என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதோ, வாசலில் நிற்கிறாள். நான் இன்றைக்கும் அவனை எழுப்பப் போவதில்லை.